ஒழுங்கைப் பக்கத்துச் சுவர்

09.06.1998, செவ்வாய்

எண்பத்திரண்டாவது நாள்.

மகள் ஹிக்மா இப்போதுதான் தூங்கினாள். கழுத்து மடிப்பில் வேர்க்குரு சிவந்து கிடக்கிறது. ஏசி ஓடுகிறது, ஆனால் ஓடுகிற மாதிரி இல்லை. சத்தம் மட்டும் பெரிது. வருகிற காற்று வெதுவெதுப்பு. போன மாதம் இப்படி இல்லையே? அல்லது எனக்குத்தான் எதைக் கண்டாலும் பயமா?

இந்த டயறி அவருடையது. சவூதியின் தமாமில் அவர் வேலை செய்த கம்பனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அறபுத் தேதியும் உண்டு. முதல் பக்கங்களில் அவருடைய எழுத்து: "சீமெந்து எடுக்க." "ஏசிக்கு மரச்சட்டம் — மேசன் சனிக்கிழமை." மார்ச் இருபதுக்குப் பிறகு வெறும் தாள். அந்த வெறும் தாளில்தான் நான் எழுதுகிறேன்.

அவர் இறந்த நாளிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் இத்தா, அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கிற காலம். ஜூலை இருபத்தாறில் முடியும் என்று வாப்பா பிறைக் கணக்குப் பார்த்துச் சொன்னார். அதுவரை வெள்ளை உடுப்பு, இந்த அறை, இந்தக் கதவுத் திரை. குறை சொல்லவில்லை. வெளியே போய் யார் முகத்தைப் பார்க்கப் போகிறேன்?

11.06.1998, வியாழன்

லுஹர் தொழுது முடிக்கும்போது டக்கென்று ஒரு சத்தம். ஏசி நின்றுவிட்டது.

கரண்ட் இருந்தது, மின்விசிறி சுற்றியது. பத்து நிமிடம் கழித்துத் தானாக ஓடியது. பிறகு திரும்பவும் டக். பின்னேரத்துக்குள் ஆறு தடவை. ஏழாவது தடவை ஓடவே இல்லை.

றம்ஸீன் காக்கா வந்து பார்த்தார். என் உடன்பிறப்பு, அதனால் அறைக்குள் வரலாம். பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, "வோல்ற்றேஜ் பத்தாது. ஊர்ல எல்லா வீட்டுலயும் ஃபேன் ஓடுது" என்றார். பிறகு காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இல்ல, கேஸ் முடிஞ்சிரிக்கி" என்றார். காக்காவுக்குச் சைக்கிள் கடை. எது நின்றாலும் காற்றுப் போய்விட்டது என்பார்.

எங்கள் ஒழுங்கையில் ஏசி உள்ள வீடு இது ஒன்றுதான். ஆடம்பரத்துக்காக இல்லை. ஹிக்மாவுக்கு ஐந்தாம் மாதத்தில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, உடம்பு விறைத்து... அந்த இரண்டு நிமிடத்தை நான் இன்னும் முடிக்கவில்லை. திரும்பவும் வரலாம், காய்ச்சல் நேரம் உடம்பு கொதிக்க விடாதீர்கள் என்றார் டொக்டர். ஹிக்மாவின் வாப்பா அப்போது சவூதியில். ஜனவரியில் ஒரேயடியாக வந்தபோது, கம்பனி கழித்துப் போட்ட ஏசி ஒன்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒழுங்கைப் பக்கச் சுவரை உடைத்துத் தன் கையாலேயே பதித்தார். இரண்டு மாதம். பிறகு லொறி மோதியது.

12.06.1998, வெள்ளி

ஓடவில்லை.

13.06.1998, சனி

மலைப்பக்கமிருந்து கச்சான் காற்று. அடுப்பு வாயில் நிற்கிற மாதிரி. ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். எப்படியும் திறக்க முடியாது, ஒழுங்கையில் ஆள் நடமாட்டம்.

இதையும் எழுதி வைக்கிறேன். ஏசிக்கும் சுவருக்கும் நடுவில் விரலளவு இடைவெளி இருந்தது. ஏப்ரலில் ஒருநாள் அதன் வழியாக ஒரு சைக்கிள் சில்லு உருண்டு போவதைக் கண்டேன். எனக்கு அது தெரிந்தால் அவர்களுக்கும் நான் தெரிவேன்தானே? உடனே காக்காவிடம் சொல்லி வெளியே படங்கு அடிக்க வைத்தேன். நல்ல தடித்த படங்கு, லொறிக்குப் போடுவது. அதற்குப் பிறகுதான் நிம்மதியாகத் தலையை விரித்துப் போட முடிகிறது.

கைருன்னிஸா மதினி வந்தா. அவருடைய மூத்த சகோதரி, நிந்தவூர். ஹிக்மாவின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு அழுதா. "இது புள்ளையா, சுட்ட அப்பமா?" பிறகு மெதுவாகச் சொன்னா:

"ஜெஸீமா, நான் ஒண்டு சொன்னா மனசு நோகக்கூடாது. என்ட வீடு கடற்கரையோட. காத்து நல்லம். உங்கட இத்தா முடியும் மட்டும் புள்ளய நான் வெச்சிரிக்கன். நாப்பது நாள்தானே?"

நாற்பது நாள்தானே.

உம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் மதினியின் கையைப் பார்த்தேன். அதே விரல்கள், அவருடைய விரல்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறா. "யோசிச்சுச் சொல்றன் மதினி" என்றேன்.

14.06.1998, ஞாயிறு

யோசிக்கவில்லை. விசிறினேன். பனையோலை விசிறி ஒன்று கிழிந்து போனது.

15.06.1998, திங்கள்

கல்முனையிலிருந்து ஏசி திருத்துகிற ஆள் வந்தார், போய்விட்டார்.

காக்காதான் சொல்லி அனுப்பியிருக்கிறார். செபரட்ணம் பாஸ், கைதேர்ந்த மெக்கானிக். முன்பு ஐஸ் தொழிற்சாலையில் இருந்தவராம், பிரிட்ஜ், ஏசி எல்லாம் பார்ப்பாராம். வாசலில் ஸ்கூட்டர் நின்ற சத்தம் கேட்டது. அவர் உம்மாவோடு கதைத்ததும் கேட்டது.

"மெஷின் எந்த அறையில அக்கா?"

"நடு அறையில. எண்டா அதுக்குள்ள இத்தா இரிக்கிற புள்ள இரிக்கி, தம்பி."

"ஓ... அப்ப அவவ வேறறைக்கு மாத்தேலாதா?"

"மத்த ரெண்டும் தகரக் கூரை. பகல்ல கோழி கூட நிக்காது. அதுவுமில்லாம, ஒரு ஆம்புள போய் வந்த அறை எண்டு நாளைக்குச் சனம் ஒண்டு சொல்லும்."

"சரி அக்கா. நான் பிறகு வாறன்."

ஸ்கூட்டர் போனது. நான் திரைக்குப் பின்னால் ஹிக்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? பயிற்சிக் கலாசாலையில் நாற்பது பேர் முன்னால் நின்று பாடம் எடுத்தவள்தானே நான். சுவரில் ஒரு பெட்டி கெட்டுப்போனதைச் சொல்ல ஒரு சொல் வரவில்லை.

16.06.1998, செவ்வாய்

ஹிக்மாவுக்குக் காய்ச்சல் நூற்றொன்று. மூக்கும் ஒழுகுகிறது. பனடோல் சிரப் கொடுத்தேன். துணியை நனைத்து நெற்றியில் வைத்தால் கால் மணியில் துணியே சுடுகிறது.

வெறும் தடிமன்தான். வெறும் தடிமன்தான்.

17.06.1998, புதன்

எழுத்துக் கோணலாய் வருகிறது.

பகல் இரண்டு மணிக்கு நூற்று மூன்று. அவளுடைய கண் ஒரு பக்கம் போய் நின்ற மாதிரி எனக்குத் தெரிந்தது. நின்றதா, நான்தான் அப்படிக் கண்டேனா? கத்திவிட்டேன். "உம்மோவ், புள்ள இழுக்கப் போகுது!" மதினியும் வந்திருந்தா. உம்மா பிள்ளையைப் பறித்தார், மதினி ஓட்டோவை மறித்தா, இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள். நான் வாசல் திரை வரை ஓடினேன். வாப்பா குறுக்கே நின்றார். "மகள்..." என்றார். அவ்வளவுதான். கையை நீட்டித் தடுக்கக்கூட இல்லை. நான் தானாகவே நின்றேன்.

அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் தானாகவே நின்றேன்.

மூன்று மணித்தியாலம். பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது. அவளுடைய சின்னச் சட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு தரையில் கிடந்தேன். என்னெல்லாம் நினைத்தேன் என்று எழுத மாட்டேன்.

அஸருக்குப் பிறகு திரும்பி வந்தார்கள். வலிப்பு இல்லை. தொண்டையில் புண். மருந்து தந்திருக்கிறார்கள். குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொன்னார்களாம். மதினி அங்கிருந்து நேரே நிந்தவூருக்குக் கொண்டுபோகத்தான் பார்த்திருக்கிறா. உம்மாதான், "தாய்ட பால் குடிக்கிற புள்ள, அவட்ட ஒரு சொல்லுக் கேக்காம எப்பிடி?" என்றாராம்.

மதினி போகும்போது என் தலையைத் தடவினா. "வெள்ளிக்கிழமை வாறன் புள்ள. உடுப்பெல்லாம் ஒரு பேக்குல எடுத்து வைங்க."

எடுத்து வைக்கச் சொல்லிவிட்டா. கேட்கவில்லை.

மஃரிபுக்குப் போன வாப்பா பள்ளியில் பக்கீர் முகைதீன் மௌலவியைக் கண்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வந்து திரைக்கு வெளியே நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"மௌலவி என்னை ஏசிட்டார் மகள். புள்ளைக்குச் சுகமில்லாட்டித் தாய் ஆசுபத்திரிக்குப் போறத்துக்கு ஆர் தடை சொன்னது எண்டு கேட்டார். தேவைக்கு ஒரு மனிசனோட மறைவில நிண்டு கதைச்சா என்ன குத்தம் எண்டு கேட்டார். நாங்க மார்க்கத்துக்குப் பயந்த அளவு சனத்துக்கும் பயந்திட்டம்."

வாப்பா. கச்சிமுகம்மது என்றால் ஊரில் கொஞ்சம் விறைப்பான மனிதர் என்று பெயர். அவர்தான் இப்படிச் சொன்னார்.

"செபரட்ணம் பாஸை வரச் சொல்லுங்க வாப்பா" என்றேன். "உள்ள வரத் தேவையில்ல. உள்ளுக்கு நான் இரிக்கன்தானே."

18.06.1998, வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

காலை எட்டு மணிக்கு ஒழுங்கைப் பக்கம் ஆள் வந்த சத்தம். நான் உள்ளே ஏசியின் முன்னால், முக்காட்டை இறுக்கிக்கொண்டு. ஹிக்மா கட்டிலில். சுவருக்கு அந்தப் பக்கம் பாஸ், வாப்பா, காக்கா, உம்மா.

"தங்கச்சி உள்ள நிக்கிறாவோ?"

உம்மா முந்திக்கொண்டார். "நிக்கிறா. நீங்க என்னட்டச் சொல்லுங்க, நான் அவட்டச் சொல்றன்."

"சரி அக்கா. பிளக்கைக் கழட்டச் சொல்லுங்க."

"புள்ள, பிளக்கைக் கழட்டட்டாம்."

"கழட்டிட்டன் உம்மா."

"கழட்டிட்டாவாம்."

"கேட்டிச்சு அக்கா."

"கேட்டா மறுகா என்னத்துக்கு என்னைக் கத்த வைக்கிறீங்க?"

காக்கா சிரித்தார். வாப்பா இருமினார். பிறகு சரசரவென்று எதையோ தொடுகிற சத்தம்.

"இந்தக் கிடுகு ஆர்ர வேலை?"

"நான்தான்" என்றார் வாப்பா. "வேலி மேஞ்சு மிஞ்சினது. பெருநாளைக்குப் பிறகு வெச்ச. மறைப்பா இரிக்கட்டும் எண்டு."

"சரி. அதுக்குள்ள இந்தப் பாய்?"

"அது... தூசி போகுமே எண்டு" என்றார் உம்மா. "ரெண்டு கிழமைதான் ஆகுது."

"அதுக்கும் உள்ள இந்தப் படங்கு? அடேயப்பா, ஆணி அடிச்ச அழகைப் பாருங்க. இது கப்பலுக்கு அடிச்சதா, வீட்டுக்கு அடிச்சதா?"

"என்ட வேலை" என்றார் காக்கா.

வாப்பா கிடுகு வைத்ததும் உம்மா பாய் கட்டியதும் எனக்குத் தெரியாது. அவர்களும் ஒருவர் செய்ததை மற்றவரிடம் சொல்லவில்லை. ஆளுக்கு ஒன்றாக, என்னை மறைத்திருக்கிறார்கள். ஒருவர்கூட "ஜெஸீமா சொல்லித்தான் படங்கு அடித்தோம்" என்று சொல்லவில்லை. காக்காவும் சொல்லவில்லை.

"படங்கு நான் சொல்லித்தான்" என்றேன். சத்தமாக. அந்நிய மனிதர் ஒருவருக்குக் கேட்கட்டும் என்றே நான் பேசிய முதல் சொல், தொண்ணூற்றொரு நாளில்.

பிறகு பாஸ், உம்மாவை விட்டுவிட்டு, சுவரைப் பார்த்தே சொன்னார் போல. குரல் கிட்டத்தில் கேட்டது.

"தங்கச்சி, இது குளிரை உண்டாக்கிற சாமானில்ல. அறைக்குள்ள கிடக்கிற சூட்டை அள்ளி முதுகால வெளியில தள்ளுற சாமான். முதுகை மூடினா எங்க தள்ளும்? தன்ட சூட்டில தானே வெந்து, எரிஞ்சு போயிடாம இருக்கத் தானாவே நிண்டிரிக்கு. நல்ல மெஷின், அதான் நிண்டது. மட்டமான மெஷின் எண்டா எரிஞ்சிருக்கும்."

வெப்ப இடமாற்றம். ஒன்பதாம் ஆண்டுக்கு நான் பயிற்சிக் கற்பித்தலில் எடுத்த பாடம். சுடுநீர்ப் போத்தலும் துவாயும் கொண்டுபோய்க் காட்டினேன், பரிசோதகர் "நன்று" என்று எழுதினார். வீட்டுச் சுவரில் அதே பாடம் இரண்டு மாதமாய் மூச்சுத் திணறிக் கிடந்தது, நான் தலையை விரித்துப் போட்டு நிம்மதியாக இருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தப் பெட்டியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மறைப்பை எடுத்தாலும் போதாது என்றார். பின்னால் உள்ள தகடுகளில் கச்சான் மண்ணும் பாய்த் தும்பும் களிமண்ணாய் ஒட்டிவிட்டதாம். பெட்டியை வெளியே இழுத்துக் கழுவ வேண்டும். அதற்கு உள்பக்கத்தில் நாலு ஸ்குறூ கழட்ட வேண்டும்.

"எங்க மகள் கழட்டுவா" என்றார் வாப்பா, நான் சொல்வதற்கு முன்.

ஜன்னல் கம்பியால் காக்கா ஸ்குறூ டிறைவரை நீட்டினார். முன் மூடி வந்தது. உள்ளே பில்டர், கம்பளி மாதிரித் தூசி. மூன்று ஸ்குறூ சுலபம். நாலாவது அசையவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது.

"இறுகிக் கிடக்கு" என்றேன்.

"இறுகிக் கிடக்காம்" என்றார் உம்மா.

"ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுட்டு, கொஞ்சம் பொறுங்க. அவசரப்பட்டா தலை தேஞ்சிரும். ஆர் இறுக்கின?"

"மருமகன்" என்றார் வாப்பா.

ஹிக்மாவின் வாப்பா எதையும் இப்படித்தான், அவிழவே கூடாது என்கிற மாதிரி இறுக்குவார். பெட்டிக் கயிறும், பிள்ளையின் தொட்டிலும், எல்லாம். நான் எண்ணெயை விட்டேன். ஸ்குறூவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். பத்து நிமிடம் இருக்கும். வெளியே நாலு பேரும் ஒழுங்கை வெயிலில் காத்திருந்தார்கள்.

பிறகு இடப்பக்கம் திருப்பினேன். வந்தது.

பெட்டியை இழுக்குமுன் வெள்ளைச் சீலை ஒன்றைக் குறுக்கே கட்டினேன். "நான் முதுகைக் காட்டிட்டுத்தான் இழுப்பன் தங்கச்சி, பயப்பிடாதீங்க" என்றார் பாஸ். முதுகைக் காட்டிக்கொண்டு ஏசியை எப்படி இழுப்பது? காக்காவும் வாப்பாவும் பிடித்தார்கள், அவர் மறுபக்கம் பார்த்து நின்று, "கிழக்கால, இன்னும் கிழக்கால" என்று கட்டளை மட்டும் போட்டாராம். உம்மா இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்.

சுவரில் ஓட்டை. சீலை உள்ளே பொம்மிக்கொண்டு வந்தது. ஹிக்மா அதைப் பிடிக்கப் பிடிக்க அது போனது. அவள் சிரித்தாள். நாலு நாளைக்குப் பிறகு.

மத்தியானம் கழுவிக் காய வைத்து, அஸருக்கு முன் திரும்பப் பதித்தார்கள். நாலு ஸ்குறூவும் நான்தான் இறுக்கினேன். பிளக்கைப் போட்டேன். முதலில் சத்தம். பிறகு —

குளிர்.

மறைப்புக்கு பாஸ் ஒரு வழி சொன்னார்: பெட்டியிலிருந்து இரண்டு முழம் தள்ளி ஒரு வேலி, மேல்பக்கம் திறந்து. பக்கத்து இடைவெளிக்குச் சீமெந்து. காக்கா இருட்டுமுன் முடித்துவிட்டார்.

19.06.1998, வெள்ளி

ஜும்ஆ முடிந்து மதினி வந்தா, நிந்தவூர் ஓட்டோவோடு. நான் பேக்கில் உடுப்பு எடுத்து வைக்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் காலையிலிருந்து மனதில் ஒத்திகை பார்த்தேன். மதினி, அவள் என்ட புள்ள. மதினி, நீங்க நல்லவ, ஆனா...

ஒன்றும் தேவைப்படவில்லை. உள்ளே வந்தா. நின்றா. கையை ஏசியின் முன்னால் நீட்டினா. ஹிக்மாவின் நெற்றியைத் தொட்டா. காய்ச்சல் விட்டிருந்தது.

"தம்பி பதிச்சது" என்றா. "ஓம் மதினி." "அவன்ட கை" என்றா.

பிறகு கட்டிலில் பிள்ளைக்குப் பக்கத்தில் சரிந்தா. பாவம், மூன்று நாளாய் அவவும் தூங்கவில்லையாம். அஸர் பாங்கு வரை குறட்டை. ஓட்டோக்காரர் இரண்டு தடவை ஹோர்ன் அடித்தார், உம்மா போய்த் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

எழும்பிப் போகும்போது வெறும் கையோடு போனா. வாசலில் நின்று, "அடுத்த வெள்ளியும் வருவன். புள்ளயப் பாக்க இல்ல, தூங்க" என்றா.

03.07.1998, வெள்ளி

மதினி வந்து தூங்கிவிட்டுப் போனா. ஹிக்மா பிடிக்காமல் நாலு அடி நடந்தாள். பில்டரைக் கழுவினேன்.

26.07.1998, ஞாயிறு

முடிந்தது. குளித்தேன். நீலச் சட்டை. முதலில் ஒழுங்கைக்குப் போய் அந்தச் சுவரை வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தேன். பெட்டியின் முதுகில் கையை வைத்தேன். சூடான காற்று முகத்தில் அடித்தது. நன்றாக மூச்சு விடுகிறது.

படங்கு அடித்த ஆணித் துளைகள் இன்னும் சுவரில் இருக்கின்றன.

23.08.1998, ஞாயிறு

காலையில் ஒரு பெண் வந்தா. சேலை, தோளில் குடை. "நான் அற்புதராணி. செபரட்ணத்தின்ட மனிசி" என்றா. உம்மா கதிரை போட்டார்.

"மருதமுனையில ஒரு வீடு, அக்கா. ஏசி நிண்டு போச்சு. அறைக்குள்ள ஒரு பிள்ளை இத்தா இருக்கிறா. ஆம்பிளை உள்ள வரேலாது எண்டுட்டாங்க. இவர் வெளிய நிண்டு சொல்லுவார், உள்ள ஒரு கை வேணும். தங்கச்சி வருவாவோ எண்டு கேட்டு வரச் சொன்னார். தான் வந்து கேட்டாச் சரியில்ல எண்டு என்னை அனுப்பினார்."

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா வாப்பாவைப் பார்க்கவில்லை. வெற்றிலையை மடித்தபடி, "ஹிக்மாவ நான் பாப்பன்" என்றார். "தேங்காயெண்ணெயும் ஒரு போத்தல்ல எடுத்திட்டுப் போ."

மருதமுனையில் முதலில் பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தேன். ஏசியின் முதுகில் ஒரு கட்டில் சீலை, அதன் மேல் ஒரு பலகை, பலகைக்கு மேல் இன்னொரு சீலை. செபரட்ணம் பாஸ் முகத்தை வேறு பக்கம் திருப்பிச் சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கும் சிரிப்பு வந்தது.

உள்ளே அந்தப் பிள்ளை. இருபது வயது இருக்குமா? வெள்ளை உடுப்பு வியர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நான் யாரென்று கேட்கவில்லை. "இது அவர் வெச்சது" என்று மட்டும் சொன்னாள்.

"எத்தனை நாள்?"

"பதினேழு."

பலகையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. பிளக்கைக் கழட்டினேன். முன் மூடியை எடுத்தேன். நாலு ஸ்குறூ. முதல் மூன்றையும் நான் கழட்டினேன். நாலாவதில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஸ்குறூ டிறைவரை அவள் கையில் கொடுத்தேன்.

"அவசரமில்ல" என்றேன். "இடப்பக்கம்."